மாமன் பெயர் இல்லாத பத்திரிகை

அத்தியாயம் 14

போன வாரம் மாடக்கண்ணு போனைத் துண்டித்தபோது நயினார் எங்கே நின்றாரோ, இன்று காலையிலும் அதே சமையலறை வாசலில்தான் நின்றார். இடையில் சாப்பிட்டார், தூங்கினார், சவரம்கூடச் செய்துகொண்டார். மனசு மட்டும் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

மைத்துனன் சொன்னது இவ்வளவுதான்.

"ஜெயபிரியா கல்யாணப் பத்திரிகைல எம்பேரப் போடாதிய அத்தான். போட்டாலும் வரமாட்டேன். நாலு வருசமா கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னே சொல்லுதிய. அதத் தொறங்க. அருண்பாண்டி பத்திரிகைல எம்பேர எடுத்தது எந்தக் கைன்னு காட்டுங்க. பொறவு பாப்போம்."

நாலு வருடங்களுக்கு முன்னால், மூத்தவன் அருண்பாண்டியின் கல்யாணத்துக்கு வெற்றிலை, பழம், பத்திரிகை என்று தாம்பாளத்தோடு சுரண்டையில் போய் இறங்கியவர்கள் நயினாரும் மனைவி பாலம்மாளும்தான். மாடக்கண்ணு தன் மாமனார், மாமியார், தெருக்காரர்கள் நாலு பேர் முன்னிலையில் பத்திரிகையைப் பிரித்தான். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே ஒருதரம் படித்தான். அப்புறம் கீழிருந்து மேலே. அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

தாய்மாமன் என்ற வரியே இல்லை. பெரியப்பா மருமகன் இருந்தார். துபாயில் இருக்கும், முகமே மறந்துபோன ஒரு சகலை இருந்தார். 'சிறப்பு சார்பு ஆய்வாளர்' நயினார் கொட்டை எழுத்தில் இருந்தார். பாலம்மாளின் கூடப் பிறந்த ஒரே தம்பி இல்லை.

"தட்ட எடுத்துக்கிடுங்க" என்றான் மாடக்கண்ணு. அதோடு சரி. கல்யாணத்துக்கும் வரவில்லை, அக்காவோடு பேச்சும் இல்லை.

ஐந்நூறு பத்திரிகைக்கும் மூலையில் மஞ்சள் தடவிய வீட்டில் ஒருவர்கூட உள்ளே வாசித்துப் பார்த்திருக்கவில்லை.

பத்திரிகையை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தவன் அருண்பாண்டி. "மாமா பேர நான் போட்டேன்ப்பா" என்று ராணுவ முகாமிலிருந்து சத்தியம் செய்தான். பென்டிரைவை அச்சகத்துக்குக் கொண்டுபோனவர் நயினார். நடுவில் பெயரைத் தின்றது யார்?

ஊர் நயினாரைப் பார்த்தது. காரணமும் இருந்தது. நிச்சயதார்த்தப் பந்தியில் மாடக்கண்ணு, "எங்க அத்தான் ஸ்டேஷன்லதான் எஸ்.ஐ., வீட்ல ஏட்டு கூடக் கெடயாது" என்று சொல்லப்போக, பந்தியே சிரிக்க, நயினார் பாயசம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். பாயசத்தை விட்ட ஆள் பெயரையும் விட்டிருப்பார் என்பது ஊர்த் தீர்ப்பு. பத்திரிகைச் சண்டைக்கு மறுவாரமே கம்ப்யூட்டர் செத்துப்போனதும், தடயத்தை அழித்தவர் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

இன்று சாயந்தரம் ஐந்து மணிக்குள் மகள் ஜெயபிரியாவின் பத்திரிகைக்கு மேட்டர் கொடுத்தாக வேண்டும். "அஞ்சு தாண்டிச்சுன்னா வேற முகூர்த்த வேலைய ஏத்திருவேன் சார்" என்று அச்சகத்து முகம்மது இஸ்மாயில் கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிவராமல் பெண் மணவறை ஏறுவதா? அதற்குப் பதில் நயினார் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் சரணடைந்துவிடலாம்.

ஆகவே காலை எட்டு மணிக்கே மைத்துனனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். 'குற்றாலம் நஸீபா கம்ப்யூட்டர் கடை. நாலு மணிக்கு வா. கண்ணால பாத்துக்க.'

"பாலம்மா, பரண் மேல அந்த சி.பி.யூ. கெடக்கும். எடுத்துக் குடு."

"எதுக்கு? அந்தச் சவத்த பழைய சாமான்காரன் வந்தா போட்ரலாம்னு இருக்கேன்."

"நாலு வருசமா வந்த அத்தன பேருக்கும் போடாம இன்னைக்குத்தான் போடப்போறியோ?"

பாலம்மாள் சாம்பாரைக் கிண்டினாள். கொதிக்கவே ஆரம்பிக்காத சாம்பாரை இத்தனை மும்முரமாக யாரும் கிண்ட மாட்டார்கள். முப்பத்தாறு வருடப் போலீஸ் வேலையில் பாதிக்கு மேல் ரைட்டராக அடுத்தவர் வாக்குமூலத்தை எழுதியே கழித்த நயினார், இதையும் மனசுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

"நானும் வாரேன்ப்பா. நான் தூக்கிக்கிடுதேன்" என்றாள் ஜெயபிரியா.

சாப்பிட்ட தட்டைத் தூக்காத பிள்ளை, ஏழு கிலோ இரும்புப் பெட்டியைத் தூக்குகிறேன் என்கிறாள். இன்னொரு வரி.

"ஏட்டி, கல்யாணப் பொண்ணு சாரல்ல நனையாத" என்றாள் பாலம்மாள்.

"நீ சும்மா இரும்மா. நான் பாத்துக்கிடுதேன்."

எதைப் பார்த்துக்கொள்வாள்? தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒரு பார்வை ஓடி மறைந்தது. நயினார் அதையும் எழுதிக்கொள்ளப் பார்த்தார். அது என்ன பாஷை என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

*

குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலத்துக்கு ஆட்டோ. பக்கத்துத் தென்காசியிலேயே தெருவுக்கு இரண்டு கம்ப்யூட்டர் கடை உண்டு. ஆனால் அங்கே பெட்டியைத் திறந்தால் மூடி கழல்வதற்குள் சேதி கீழப்பாவூர் வரை போய்விடும்.

அரிசிச் சாக்கில் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜெயபிரியா மழையையே பார்த்துவந்தாள். நயினார் சந்தேகப் பட்டியலைப் புரட்டினார்.

ஒன்று, அருண்பாண்டி. அடித்தவன் அவன்தான். ஆனால் அவனுக்குப் பொய் வராது. சின்ன வயதில் சீனி தின்றுவிட்டு வாயைக்கூடத் துடைக்காமல் இல்லை என்று சொன்னவன்.

இரண்டு, ஜெயபிரியா. அப்போது அவளுக்குப் பதினெட்டு. தன் மகன் இசக்கிமணிக்கு அவளைக் கேட்கப்போவதாக மாடக்கண்ணு ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்த சமயம். "அவன் மூக்குறிஞ்சுத சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்காது" என்று இவள் வீட்டை இரண்டாக்கினாள். முகாந்திரம் இருக்கிறது.

மூன்று, நயினார். தன்னையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நேர்மை. கடைசியில் சேர்த்துக்கொள்வது அனுபவம்.

பாலம்மாள் பட்டியலில் இல்லை. அழுது அழுது கண் வீங்கியவளை யாராவது சந்தேகப்படுவார்களா?

மேலகரம் தாண்டும்போது போன். பாலம்மாள்தான். "போய்ச் சேந்துட்டியளா?" குற்றாலம் வளைவில் மறுபடி. "தொறந்துட்டாங்களா?" உண்மை தெரிய என்ன தவிப்பு பாவம், என்று நயினார் நெகிழ்ந்துபோனார்.

*

நஸீபாவின் கடை, நேந்திரம் சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் மசாஜ் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய் மணம், இன்னொரு பக்கமும் எண்ணெய் மணம். பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்ததால், துண்டோடு வந்த கூட்டம் துண்டோடு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது.

நஸீபாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெட்டியை மேசையில் வைத்து, வயர்களைச் சொருகி, பொத்தானை அமுக்கினாள். உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்து, வெள்ளையில் ஒரு வரி காட்டி நின்றது.

"என்ன சொல்லுது தாயி?"

"எதுல இருந்து தொடங்குறதுன்னு தெரியலங்குது சார். ஆள் முழிச்சுட்டாரு. ஆனா தான் யாரு, என்ன வேலைன்னு ஞாபகம் வரல."

ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் தானும் இப்படித்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தது நயினாருக்கு நினைவு வந்தது. பெட்டி மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

நஸீபா பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். தூசி, பல்லி முட்டை ஓடு, ஒரு செத்த கரப்பான். டார்ச் அடித்துக் குனிந்தவள் நிமிரவில்லை.

"சார், இங்கன பாருங்க. ஹார்ட் டிஸ்க்குக்குப் போற வயரே மாட்டல. யாரோ கழட்டிருக்காங்க."

"தானா கழண்டுருக்கும்."

"தானா கழண்ட வயரு தன்னத்தானே மடிச்சுக் கட்டிக்கிடாதே."

சிவப்பு வயர் நாலாக மடிக்கப்பட்டு, காய்ந்த வாழை நாரால் கட்டப்பட்டிருந்தது. இரண்டு சுற்று, நுனியை உள்பக்கமாகச் சொருகிய முடிச்சு.

"நானும் பதினாலு வருசமா பெட்டி தொறக்கேன். நார்ல கட்டுன மெக்கானிக்க இன்னும் பாக்கல" என்று நஸீபா சிரித்தாள்.

நயினார் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த முடிச்சைத் தெரியும். முருங்கைக் கீரைக் கட்டில் தெரியும். வெள்ளிக்கிழமைப் பிச்சிச் சரத்தில் தெரியும். ஓய்வு பெற்ற நாளில் வாசலில் வைத்துக் கழுத்தில் போட்ட மாலையின் பின்பக்கத்தில், பிடரியை உறுத்திக்கொண்டிருந்ததும் இதே முடிச்சுதான்.

"உங்கம்மைக்கு டி.வி. ரிமோட்டே தெரியாதே..." என்றார் மெல்ல.

ஜெயபிரியா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் என்றால் அந்த நாரை ஒரு காகிதத்தில் மடித்து, நாள், இடம், சாட்சி எழுதி, ஒட்டி முத்திரை வைத்திருப்பார். இங்கே என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இது தடயத்தைக் கைப்பற்றியதா, ஒளித்ததா என்று அவருக்கே விளங்கவில்லை.

"மேக்கொண்டு பாக்கவா சார்?" என்றாள் நஸீபா.

மனசு, வேண்டாம் என்றது. போலீஸ் வாய் முந்திக்கொண்டு, "பாருங்க" என்றது.

வயரை மாட்டியும் பெட்டி எழவில்லை. நீலத் திரை வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது.

"நாலு சீசன் ஈரம் குடிச்சிருக்கு. இனி இதுல விண்டோஸ் எந்திரிக்காது."

"அப்ப விட்ருங்கக்கா!" ஜெயபிரியா வேகமாகச் சொன்னாள். "போனது போனதுதான். வாங்கப்பா, போவோம்."

"ஏன் பிள்ள அவசரப்படுத? வீட்டு வாசல் இடிஞ்சுபோச்சு, அவ்ளோதான். உள்ள பீரோ பீரோவாத்தான் இருக்கும். பீரோவ மட்டும் வெளிய எடுப்போம்."

நஸீபா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தித் தன் லேப்டாப்பில் இணைத்தாள். உள்ளிருந்து 'கிட்... கிட்...' என்று ஒரு சத்தம். பல்லி சொல்வதுபோல. நயினார் அனிச்சையாக மேசையைத் தட்டினார்.

"இந்தச் சத்தம் சரியில்ல சார். ரொம்ப நேரம் தாங்கமாட்டாரு. எல்லாத்தையும் அள்ள நெனச்சா எதுவும் மிஞ்சாது. எது முக்கியமோ அதச் சொல்லுங்க. அத மொதல்ல எடுத்துருவோம்."

"கல்யாணப் பத்திரிகை."

'அருண்' என்ற போல்டர் திறந்தது. உள்ளே பத்திரிகை ஒன்றுதான். அதில் தாய்மாமன் மாடக்கண்ணு, மனைவி முத்துவடிவு, சுரண்டை என்று முழுசாக இருந்தது. சேமித்த நாள் ஞாயிறு. திங்கள் ரயிலில் அருண்பாண்டி முகாமுக்குப் போய்விட்டான். பட்டியலின் முதல் பெயரை நயினார் மனசுக்குள் அடித்துவிட்டார்.

அடுத்து 'பிரியா'. திறக்கவில்லை. அனுமதி இல்லை என்று ஒரு பலகை வந்து நின்றது.

"இது பாஸ்வேர்டு போட்ட ஆளோட அறை. ஆனா டிஸ்க்கு இப்ப எங்கிட்டல்லா இருக்கு. உரிமைய எம்பேருக்கு மாத்திட்டா தொறந்துரும்."

"பட்டா மாத்துத மாதிரியா?"

"பட்டாவுக்கு வருசக்கணக்காகும் சார். இது பத்து நிமிசம்."

"யப்பா, வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்."

"நீ குடி."

"அதுல என் சொந்த சாமான்லாம் இருக்குப்பா."

நயினார் மகளைப் பார்த்தார். கண் ஓரத்தில் ஈரம். சாரல் கடைக்குள் அடிக்கவில்லை. இன்னும் பதினெட்டு நாளில் இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிற பிள்ளை.

"தாயி, படம், கடுதாசி எதையும் தொறக்காதிய. பத்திரிகைய மட்டும் தேடுங்க" என்றார் நஸீபாவிடம்.

பச்சைக் கோடு நத்தைபோல ஊர்ந்தது. கிட் கிட் சத்தம் கூடியது. கோடு பாதியில் நின்றபோது ஜெயபிரியாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மறுபடி நகர்ந்தபோது போனது. இரண்டையும் நயினார் பார்த்தார்.

"எடுத்தாச்சு. பேரு 'சாமிக்கு'ன்னு இருக்கு."

திறந்தால், கோடும் கொம்புமாக ஒரு வரி புரியவில்லை. மந்திரம் மாதிரி இருந்தது. சங்கேதமோ என்று நயினார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இத வேற ஒரு பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருக்கு சார். என் மெஷின்ல இல்ல. இந்த டிஸ்க்குலயே கெடக்கும், எடுத்துப் போடுதேன்."

போட்டாள். கொம்புகள் கலைந்து தமிழானது. அதே மணமக்கள், அதே முகூர்த்தம், அதே துபாய் சகலை. தாய்மாமன் வரி இருந்த இடத்தில் வெறுமை. சேமித்தது புதன்கிழமை, காலை பத்து நாற்பது.

"சொல்லு" என்றார் நயினார். குரல் ஸ்டேஷன் குரலாக வரவில்லை.

ஜெயபிரியா சாக்கின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"செவ்வாக்கெழம சுரண்டைல மாமாவோட பங்காளி வீட்ல ஒரு சாவு விழுந்துச்சுல்லாப்பா. பதினாறு வரைக்கும் மாமாவுக்குத் தீட்டு. நாம மொதப் பத்திரிகைய சாஸ்தா கோயில்ல வச்சா, பூசாரி எல்லார் பேரையும் சத்தமா வாசிப்பாருல்லா. தீட்டோட இருக்க ஆளு பேரச் சாமி முன்னால வாசிச்சா தன் தம்பிக்கு ஏதாவது ஆயிரும்னு அம்மா பயந்துட்டா. சாமிக்கு வைக்க மட்டும் மாமா பேர் இல்லாம ஒண்ணே ஒண்ணு அடிச்சுத் தான்னா."

"ம்."

"அடிச்சேன். ஜெராக்ஸ் கடைல ஒரு பிரிண்ட் எடுக்க, அண்ணன் பத்திரிகை இருந்த பென்டிரைவ்லயே போட்டேன். எடுத்துட்டு டி.வி. மேல வச்சேன். வியாழக்கெழம நீங்க அதத் தூக்கிட்டு..."

அவள் முடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நயினாருக்கு எல்லாம் வந்துவிட்டது. அச்சக வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றது. "ரெண்டு இருக்கே சார், எத அடிக்க?" என்று இஸ்மாயில் எட்டிப் பார்த்துக் கேட்டது. "எது கடைசியோ அத அடிங்க" என்று இவர் பதவிக் குரலில் உத்தரவு போட்டது. சாயந்தரம் சரிபார்க்கத் தந்த தாளில், சார்பு ஆய்வாளருக்கு முன்னால் 'சிறப்பு' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது.

பட்டியலின் கடைசியில் இருந்த பெயர் மெதுவாக மேலே ஏறிவந்து முதல் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"ஏன் பிள்ள, அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டா. கூடப் பொறந்தவளே எடுத்தான்னு தெரிஞ்சா தம்பி சென்மத்துக்கும் மூஞ்சில முழிக்கமாட்டான்னா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குத சுபாஷ் அண்ணன் தூசி தட்ட வந்தப்ப 'அந்த வயரக் கழட்டுனா ஓடாது'ன்னு சொன்னதக் கேட்டு வச்சிருந்து அம்மாவே கழட்டுனா. உங்களத்தான் ஊரு ஏசுதேன்னு நான் கேட்டேன்ப்பா. 'உங்கப்பா போலீஸ்காரரு, தாங்கிக்கிடுவாரு'ன்னு சொல்லிட்டா."

இது திட்டா, நற்சான்றிதழா என்று நயினாருக்குத் தெரியவில்லை.

"நீயாவது இந்த ஃபைல அழிச்சிருக்கலாமே."

"அழிக்கக் கை வரலப்பா. என்னைக்காவது சொல்லணும்னு தோணிச்சு."

நயினார் யோசித்தார். நாலு வருடமாக, கல்யாண வீட்டிலோ டீக்கடையிலோ யாராவது அவரைக் குத்திப் பேசிய நாளில் எல்லாம் வீட்டில் நெத்திலிக் குழம்பு. ஆறுதலுக்கு வைக்கிறாள் என்றுதான் தட்டை வழித்தார். பணியில் ஒரு டீ கூட ஓசியில் குடிக்காத மனுசன், வீட்டில் நாலு வருடமாக லஞ்சம் வாங்கியிருக்கிறார்.

போன் அடித்தது.

"கெடச்சுதா?" பாலம்மாளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இல்ல பாலம்மா. டிஸ்க்கு கிட்கிட்ங்குது. கெடைக்காதுன்னுதான் தோணுது."

"தம்பி பஸ் ஏறிட்டானாம். முத்துவடிவு சொன்னா" என்றாள். வைத்துவிட்டாள்.

*

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மாடக்கண்ணு வந்துவிட்டான். குடையை மடக்கி, தண்ணீரை உதறி, யாரையும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்தான். நாலு வருடத்தில் மீசை நரைத்திருந்தது.

"வாங்க மாமா" என்றாள் ஜெயபிரியா. அவன் தலை அரை அங்குலம் அசைந்தது.

"கெடச்சுதா அத்தான்?"

"கெடச்சுது."

"ஆரு?"

சட்டைப் பைக்குள் வாழை நார் உறுத்தியது. நயினார் எழுந்து நின்றார். குற்றவாளிகள் எப்படி நிற்பார்கள் என்று ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். இருந்தும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நாந்தான் மாப்ள."

"யப்பா!"

"நீ சும்மா இரு பிள்ள. மாப்ள, அன்னைக்குப் பந்தில நீ சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்தேன், உக்காந்தேன், எடுத்துட்டேன். தப்புதான். மன்னிச்சுக்க."

மாடக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தான். இத்தனை நாள் அவன் கேட்ட வாக்குமூலம் இதுதான். கிடைத்ததும் நம்பிக்கை வரவில்லை.

"நீங்க?"

"ஆமா."

"கம்ப்யூட்டர்ல?"

"பின்ன அம்மிலயா?"

"ஸ்டேஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்னைக்கு, ரைட்டர் வேலையே வேண்டாம்னு வாசல்ல நிக்குத பாரா டூட்டி கேட்டு வாங்குனது ஆரு அத்தான்? போன்ல எழுத்தப் பெருசாக்க எம்மவன் இசக்கிமணிய வீட்டுக்கு வரச்சொன்னது ஆரு?"

மாடக்கண்ணு எழுந்து திரைக்கு முன்னால் போனான்.

"இன்னா இருக்கு கம்ப்யூட்டர். இன்னா பத்திரிகை. கொட்ட எழுத்துல உங்க பேரு இருக்கு பாருங்க, பதவியோட. அத மட்டும் எடுத்துக் காட்டுங்க. எடுத்துட்டியன்னா நீங்கதான்னு நான் ஒத்துக்கிடுதேன். எம்பேரப் போட்டு இன்னைக்கே அடிங்க, மாலையோட வாரேன். இல்லன்னா, நீங்க ஆருக்காகவோ பொய் சொல்லுதிய. எங்கிட்ட உண்மையச் சொல்ல அந்த வீட்ல ஒருத்தருக்கும் மனசு வரலன்னா, நான் எதுக்கு வரணும்?"

முப்பத்தாறு வருடத்தில், குற்றத்தைச் செய்துகாட்டினால்தான் நம்புவேன் என்ற ஆளை நயினார் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. இழுத்துவந்தார். அமுக்கினார். என்னவோ ஒரு பட்டியல் விழுந்தது. நஸீபா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இன்னொன்றை அமுக்கினார். பெயர் போகவில்லை, முன்னைவிடத் தடியாகிவிட்டது.

"பைய, அத்தான். அவசரமில்ல" என்றான் மாடக்கண்ணு.

தன் பெயர், தன் பதவி. நாலு வருடம் முன்னால் எந்த வரியை மட்டும் பார்த்தாரோ அதே வரி. அது போய்த் தொலைந்தால் பிள்ளை கல்யாணம் நிறைவாக நடக்கும். சனியன், போகமாட்டேன் என்கிறது.

பின்னாலிருந்து ஜெயபிரியாவின் விரல் விசைப்பலகையை நோக்கி நீண்டது. அப்போதுதான் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"ஏலே மாடக்கண்ணு."

நாலு வருடத்துக்குப் பின் அக்கா தம்பியைக் கூப்பிட்ட முதல் வார்த்தை. பாலம்மாள் குடை இல்லாமல் நனைந்துபோய் நின்றாள். மார்போடு ஒரு மஞ்சள் பையை அணைத்திருந்தாள்.

"அந்த மனுசன எந்திரிக்கச் சொல்லு. அவருக்கு மிக்சி போடவே தெரியாது."

உள்ளே வந்தாள். கணவரைப் பார்க்கவில்லை. "டிஸ்க்கு கெடைக்காதுன்னு சொன்னாரு. இருபத்தொம்பது வருசத்துல இந்த மனுசன் எங்கிட்ட சொன்ன மொதப் பொய்யி. அப்பவே தெரிஞ்சுபோச்சு, கெடச்சிருச்சுன்னு" என்று பொதுவாக யாரிடமோ சொன்னாள்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாஸ்தா காலடியில் வைத்து எடுத்த பத்திரிகை. மடிப்பில் மஞ்சளும் திருநீறும் ஏறியிருந்தது.

"நாந்தாம்லே எடுக்கச் சொன்னேன். சாமிக்கு மட்டும்னு எடுக்கச் சொன்னேன். ஊருக்கே போயிட்டு."

மாடக்கண்ணு தாளோடு பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணாடியைப் போட்டான். மேலிருந்து கீழே ஒருதரம் படித்தான். அப்புறம் கீழிருந்து மேலே. அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பினான்.

இந்தமுறை பின்பக்கம் காலியாக இல்லை. பாலம்மாளின் கோணல் கையெழுத்தில் ஏழெட்டு வரி இருந்தது. அடியில் நாலு வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தது. தலைகீழாக வைத்தாலும் யார் கையெழுத்தையும் படித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் நயினார், நாற்காலியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். தம்பியின் கட்டைவிரல் மறைத்தது.

போன் அடித்தது. முகம்மது இஸ்மாயில்.

"சார், நாலு நாப்பதாச்சு. தாய்மாமன் வரிய மட்டும் விட்டு வச்சிருக்கேன். போடவா, வேண்டாமா?"

நயினார் போனைக் காதில் வைத்தபடி மைத்துனனைப் பார்த்தார். பாலம்மாளின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. பெஞ்சில் மாடக்கண்ணு ஒரு சாண் நகர்ந்தான்.

அக்கா உட்கார இடம் விட்டானா, எழுந்து போகத்தான் காலை ஊன்றினானா என்பது, முப்பத்தாறு வருடம் ஆட்களை முகம் பார்த்தே எடைபோட்ட அந்த மனுசனுக்கு அப்போது பிடிபடவில்லை.